பையில் கிடந்த உறைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விட்டாயிற்று. நீ விட்டுப்போன பச்சைப் பையைத் துவைக்க எடுத்தாள் அம்மா. உள்ளே 4 சாக்லேட் உறை, எல்லாம் 'சர்க்கரை சேர்க்காதது'. ஏன் என்று நான் கேட்கவில்லை. உறையைப் படித்தேன், அவ்வளவுதான்.

இனிப்பூட்டி 965 என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அது மால்டிட்டால். சர்க்கரையில் கிராமுக்கு 4 கலோரி, இதில் 2 சொச்சம். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதும் ஏறக்குறைய பாதி. அடியோடு இல்லை என்று நினைத்துவிடாதே. ஒன்றுக்கு இரண்டாகத் தின்றால் கணக்கு பழையபடிதான். செரிக்காத மிச்சம் குடலில் தண்ணீரை இழுக்கும், புளித்து வாயுவாகும். பொங்கலுக்கு வந்து திரும்பும்போது பஸ்ஸில் வயிறு பொருமியது என்று என் அசோகா அல்வா மேல் பழி போட்டாயே! அன்று நீ தொட்டதே ஒரு விரல்.

968 என்று இருந்தால் எரித்ரிட்டால், அதுவும் இனிப்பூட்டிதான். பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும், சர்க்கரை ஏறாது. ஆனால் இதயக் கோளாறோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று 2023-ல் ஓர் ஆய்வு வந்தது, அள்ளிப் போடாதே. பலகாரத்துக்கும் ஆகாது. 100 மில்லி தண்ணீரில் சர்க்கரை 200 கிராம் கரையும், இது அதில் பாதி கூடக் கரையாது. அசோகாவில் போட்டால் சூட்டில் சரியாக இருக்கும். ஆறியதும் பூத்துப்போய் மணல் மாதிரி நறநறக்கும், நாக்கில் புதினா போலச் சில்லென்று ஓடும். கம்பிப் பதம் கிடையாது, சிவக்கவும் சிவக்காது. 967 சைலிட்டால், நீ சோறு வைக்கிற நாய்க்கு அதில் ஒரு துண்டு போட்டுவிடாதே, அதற்கு விஷம்.

மறுபடி சொல்கிறேன், 965-ல் பாதிதான் குறையும். உறையின் முன்பக்கத்தை நம்பாதே, எண்ணைப் பார்.

முள் குத்தியதால் தாத்தாவின் காலை எடுத்தார்கள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். முள் குத்தியது நிஜம். ஆறாமல் போனது சர்க்கரையால். அத்தையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழக்கூடாது என்று வீட்டோடு மறைத்தோம். அத்தை கல்யாணம் முடிந்தும் உன்னிடம் அதையே சொன்னேன். என் தப்பு.

எச்பிஏ1சி, அதான் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை, எடுத்திருந்தால் எண்ணை மட்டும் எழுது. 5.7-க்குக் கீழே, சரியாகவே இருக்கிறது என்றாலும் எழுது. பை காய்ந்துவிட்டது, கூரியரில் வரும்.

அப்பா