அப்பா, இங்கே ஒரு கடல் பார்த்தேன்

மியூனிக்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இருபது நாளாகிறது. "போனில் உன் குரல் இரைச்சலாகத்தான் கேட்கிறது, நாலு வரி எழுது மக்களே" என்று கேட்டிருந்தீர்கள். முப்பது வருஷம் எஞ்சின் பக்கத்தில் இருந்த காது. அது தெரிந்தும் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிர்தான். காலை ஷிப்டுக்கு ஐந்து மணிக்கு இறங்கினால் மூக்கு எரிகிறது. மீன் கிடைக்கிறது, ஆனால் தலையும் முள்ளும் தோலும் இல்லாத துண்டு. எந்தக் கடலில் பட்டது என்றே தெரியாது. அதில் புளிமுளம் வைத்தேன், அம்மா கறியின் வாசம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஓட்டினால் சத்தம் என்று கோபப்படுவார்கள், அதனால் தேங்காயைச் சனிக்கிழமையே அரைத்துவைக்கிறேன்.

அதைச் சொல்லித்தந்தது கீழ்வீட்டு டீச்சரம்மா. குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டேன் என்று அதைக் கையில் எடுத்துவந்து கதவைத் தட்டினாரே, அவர்தான். எண்பது தாண்டிவிட்டது. பள்ளியில் பழைய கிரேக்கம் கற்பித்தவர். நான் கடலுக்குப் போகிறவர் மகள் என்று தெரிந்ததும், ஒரு படம் காட்ட வேண்டும் என்று டிராமில் கூட்டிப்போனார்.

இசார் ஆற்றுக்கு மேலே மேட்டில் மாக்ஸிமிலியானேயும் என்று ஒரு பெரிய கட்டடம். பவேரியாவின் சட்டமன்றம் அங்கேதான் கூடுகிறது. உள்ளே வில்ஹெல்ம் ஃபொன் கௌல்பாக் 1868இல் வரைந்து முடித்த சலாமிஸ் கடற்போர். சுமார் முப்பது அடி நீளம், பதினாறு அடி உயரம். நம் வள்ளத்தை நீளவாக்கில் சுவரில் சாத்தினால் சரியாக இருக்கும்.

கி.மு. 480இல் கிரேக்கரும் பாரசீகரும் மோதிய சண்டை. பாரசீக ராஜா செர்க்சிஸ் கரையில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். ஆர்ட்டிமீசியா என்ற ராணி வில்லை இழுத்து நிற்கிறாள். அவள் ஐந்து கப்பலோடு அவர் பக்கம் வந்தவள். கடலில் மோத வேண்டாம் என்று முன்னாலேயே சொன்னவளும் அவள்தான். யாரும் கேட்கவில்லை.

பாரசீகர் பக்கம்தான் கப்பல் அதிகம். ஆனால் அந்தக் கடல் ஒடுங்கியது, தீவுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி. கிரேக்கத் தளபதி தெமிஸ்டோக்ளிஸ் காலையில் கடல்காற்று எழும்வரை பொறுத்திருந்தாராம். புளூட்டார்க் என்ற பழைய ஆசிரியர் அப்படி எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கக் கப்பல் தாழ்ந்தது, காற்று ஒன்றும் செய்யவில்லை. எதிரிக் கப்பலுக்குப் பின்பக்கத்து அமரம் உயரம். காற்றும் அலையும் சேர்ந்து தள்ளியதில் குறுக்கே திரும்பி விலாவைக் காட்டியது. கிரேக்கர் கப்பலின் முன்பக்கத்து அணியத்தில் வெண்கல முட்டு வைத்திருந்தார்கள். நேரே வந்து விலாவில் குத்தினார்கள். டீச்சரம்மா சொல்லச் சொல்ல, எனக்கு உங்களைப் பக்கத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும்போல இருந்தது. காற்று எப்போது திரும்பும் என்று காத்திருந்து வள்ளம் இறக்கியவர்தானே நீங்கள்.

ஒரு கப்பலில் 170 பேர் மூன்று அடுக்காக உட்கார்ந்து தண்டு வலித்திருக்கிறார்கள். அடித்தட்டில் இருந்தவனுக்கு வெளியே என்ன நடக்கிறது என்றே தெரிந்திருக்காது. நான் அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாரசீகர் பலர் நீச்சல் தெரியாமலே செத்தார்களாம். நீச்சல் தெரியாதவனை யார் கப்பலில் ஏற்றினார்கள் அப்பா?

ஏதென்ஸ்காரர்கள் சண்டைக்கு முன்னாலேயே ஊரைக் காலிசெய்து, பெண்டு பிள்ளைகளில் பலரை அந்தச் சலாமிஸ் தீவிலேயே கொண்டு விட்டிருந்தார்கள். சண்டை நடந்தது அவர்கள் வாசலில். அதைக் கேட்டதும் 2017 ஒக்கி புயல் வந்துவிட்டது எனக்கு. மூன்று ராத்திரி நீங்கள் கரை சேரவில்லை. அம்மா கோயிலுக்கும் கடற்கரைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அந்தப் படத்துக்கு முன்னால் நின்று இதையெல்லாம் நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. டீச்சரம்மா குறுக்கே பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நம் கரையைப் பார்க்க வேண்டும் அப்பா. ஏலச் சத்தம் கேட்க வேண்டும்.

சரி. இந்த மாதப் பணம் பதினைந்து தேதிக்கு மேல் வரும். பாங்கில் ஏதோ தாமதம், வேறொன்றும் இல்லை. அடகில் இருக்கும் என் வளையலை மீட்க அவசரம் வேண்டாம், வட்டி மட்டும் கட்டுங்கள். அத்தான் புது எஞ்சினுக்கு வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறார் என்று அக்கா சொன்னாள். தம்பி வாசித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பாப்பாவின் புதுநன்மை மே மாதம்தானே? உடுப்பு நான் எடுத்து அனுப்புகிறேன், அளவு மட்டும் எழுதுங்கள். காது டாக்டரிடம் போனீர்களா இல்லையா? அம்மா அதற்குப் பதிலே சொல்லமாட்டேன் என்கிறாள்.

இன்னொன்று. அமரம் உயர்ந்த வள்ளம் காற்றில் எந்தப் பக்கம் இழுக்கும், அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று டீச்சரம்மா கேட்கிறார். விவரமாக எழுதுங்கள், படமும் போடுங்கள். அவருக்கு நான் ஜெர்மனில் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்