‘துருப்பிடித்த போல்ட்டையும் கழற்றும்’ என்று விற்ற சாக்கெட் செட் குறித்துப் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ஸ்பேனர், சாக்கெட் செட் போல்ட் தலையை மழுக்கியது, வாரண்டி மறுக்கப்பட்டது

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஸ்பேனரும், போல்ட் தலைமேல் கவிழ்த்துத் திருகும் சாக்கெட்டும் கொண்ட உங்கள் நிறுவனத்தின் செட்டை வாங்கியிருக்கிறேன். ரசீதின் நகலையும் புகைப்படங்களையும் இணைத்துள்ளேன். இதுபற்றி ஏற்கெனவே தொலைபேசியில் பேசினேன். “சாக்கெட் உடையவும் இல்லை, விரிசல் விடவும் இல்லை, அதனால் வாரண்டியில் வராது” என்றார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

பெட்டியின் மூடியில் ‘பழைய கார்களின் இறுகிப்போன, துருப்பிடித்த போல்ட்டுகளையும் எளிதில் கழற்றும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். உள்ளே இருந்த சாக்கெட் அத்தனையும் பன்னிரண்டு முனை, அதாவது வாயின் உட்பக்கம் பன்னிரண்டு மூலை வெட்டியவை. ரிங் ஸ்பேனர்களும் அப்படியே. ஆறு முனை ஒன்றுகூட இல்லை. மூடியில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பன்னிரண்டு முனையே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு முனை சாக்கெட்டை 60 டிகிரி திருப்பினால்தான் அடுத்த பிடி கிடைக்கும். பன்னிரண்டு முனைக்கு 30 டிகிரி போதும். கை நுழையாத சந்தில் வேலை செய்பவருக்கு அது பெரிய வசதி. தலை நல்ல நிலையில் இருக்கும் போல்ட்டுக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் அது போல்ட் தலையை மூலையோரத்தில்தான் பிடிக்கிறது. நன்றாகச் செய்த ஆறு முனை சாக்கெட் மூலையிலிருந்து சற்று விலகி, தலையின் தட்டையான பக்கத்தில் அழுத்தும். துருவேறிய தலையில் முதலில் தேய்ந்து போவதே மூலைகள்தான். மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச இரும்பில் முழு பலத்தையும் இறக்கினால் வழுக்கத்தான் செய்யும். பழைய வண்டியில் கை வைக்கும் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். கருவி செய்யும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

என் காரில் என்ஜின் புகையை வெளியே கொண்டுவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சைலன்சர் பைப்பும் சேரும் இடத்தில் இருந்த போல்ட்டில்தான் பிரச்சினை. 8 மி.மீ. மரை, 13 மி.மீ. தலை. முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். காலையில் கம்பி பிரஷ்ஷால் தலையைச் சுத்தமாகத் தேய்த்தேன். சாக்கெட் அடிவரை இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, நீண்ட கைப்பிடியை நேராகப் பிடித்து, உதறாமல் மெதுவாகத்தான் இழுத்தேன். ‘கிர்’ என்று ஒரு சத்தம், கைப்பிடி வெறுமனே சுற்றியது. சாக்கெட்டை எடுத்துப் பார்த்தால் அதன் வாயில் முடி போலச் சுருண்ட பளபளப்பான இரும்புச் சீவல். ஆறு மூலையும் போய், போல்ட் தலை உருண்டையாக நின்றது. பிறகு அதன் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. வெல்டிங் சூட்டில் துருவின் பிடி விட்டு, அவ்வளவு அடம்பிடித்த போல்ட் லேசாகவே சுழன்று வந்தது. அதாவது, போல்ட் கழற்ற முடியாத போல்ட் அல்ல.

அளவிலும் கோளாறு இருக்கிறது. செட்டில் உள்ள 13 மி.மீ. ஓப்பன் ஸ்பேனரின் வாயை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் 13.4 மி.மீ. காட்டுகிறது. புத்தம் புதிய 13 மி.மீ. போல்ட் தலையை உங்கள் சாக்கெட்டில் வைத்தால் லொடலொட என்று ஆடுகிறது. அதே போல்ட் என்னிடமுள்ள பழைய சாக்கெட்டில் ஆடாமல் உட்காருகிறது. புது போல்ட்டிலேயே இப்படி என்றால் துருவால் இளைத்த தலையில் கேட்கவே வேண்டாம்.

கூடவே வரும் கையேடு இன்னும் மோசம். அங்குல அளவு போல்ட்டுக்கும் இதே சாக்கெட்டுகள் போதும் என்கிறது. முக்கால் அங்குலம் 19.05 மி.மீ.; அங்கே 19 சாக்கெட் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் அரை அங்குலம் 12.7 மி.மீ. தான், 13 போட்டால் 0.3 மி.மீ. இடைவெளி விழும். 7/16 அங்குலம் 11.11 மி.மீ.; 11 சாக்கெட் ஏறாது, 12 போட்டால் மழுங்கும். பழைய பிரிட்டிஷ், அமெரிக்க கார்களில் அங்குல அளவு சர்வ சாதாரணம். அந்த வண்டிக்காரர்களுக்கு என்று விற்கும் செட்டில் இப்படி எழுதலாமா?

அதைவிட ஆபத்தான வரி ஒன்று உண்டு: இந்த குரோம் பூச்சு சாக்கெட்டுகளை, விடாமல் அடித்து அடித்துத் திருகும் இயந்திரமான இம்பாக்ட் கன்னிலும் மாட்டலாமாம். இம்பாக்ட் அடிக்குத் தனியாகத் தடித்த சுவரோடு, பெரும்பாலும் கறுப்பாக வரும் சாக்கெட்டுகள் இருக்கின்றன. சாதாரண கை சாக்கெட் அந்த அடியில் வெடித்துச் சில்லு பறக்கலாம். யாராவது கண்ணை இழப்பதற்குள் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பிரேக் பைப் நட்டை ஓப்பன் ஸ்பேனரால் கழற்றுவது போன்ற படமும் தவறு. பைப் நுழைய மட்டும் வாய் திறந்த, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் பிரேக் பைப் ஸ்பேனர்தான் அதற்கு வேண்டும்.

வாரண்டி விஷயத்துக்கு வருகிறேன். கருவி உடைந்தால் மாற்றித் தருவோம் என்கிறீர்கள். இறுகிய போல்ட்டைக் கழற்ற வாங்கிய கருவி, தான் உடையாமல் போல்ட்டைத் தின்றுவிட்டால் அது பழுதான கருவிதான். நீங்கள் மூடியில் கொடுத்த வாக்கு போல்ட்டைப் பற்றியது. அந்த வாக்கு பொய்த்த பிறகு சாக்கெட் முழுசாக இருக்கிறதே என்று காட்டுவதில் எனக்கு என்ன பயன்?

எனவே செட்டின் முழுத் தொகையையும், போல்ட்டை எடுக்க ஆன வெல்டிங் செலவையும் திருப்பித் தர வேண்டும். மாற்று செட் வேண்டாம். அதுவும் பன்னிரண்டு முனையாகத்தானே இருக்கும். சாக்கெட் எத்தனை முனை என்பதை இனிமேல் மூடியிலேயே அச்சிடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு என்று விற்பதானால் 10 முதல் 19 மி.மீ. வரையாவது ஆறு முனை வையுங்கள். இம்பாக்ட் கன் பற்றிய வரியை, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தெரியும்படி அறிவித்துத் திருத்துங்கள்.

செட்டும் மழுங்கிய போல்ட்டும் என்னிடம் பத்திரமாக உள்ளன. ஆய்வுக்கு வேண்டுமானால் உங்கள் செலவில் அனுப்பத் தயார். 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் நுகர்வோர் அமைப்பிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பெட்டி மூடி மற்றும் கையேட்டின் படங்கள், வெர்னியர் அளவின் படம், மழுங்கிய போல்ட்டின் படம், வெல்டிங் செலவு ரசீது