வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: பழைய இரட்டைக் கண்ணாடி ஜன்னலை மாற்றும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்துவிட்டால் ஜோகன்னஸ்பர்க்கில் எங்கள் கடைக்கு வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான். "கண்ணாடிக்குள்ள வெள்ளையாப் படர்ந்திருக்கு, எவ்வளவு துடைச்சாலும் போகல. ஜன்னலையே மொத்தமா மாத்தணுமா?" லெனேசியாவில் பல காலமாக இருப்பவர்களும் கேட்கிறார்கள், மிட்ராண்ட், ஃபோர்வேஸ் பக்கம் அண்மையில் வீடு வாங்கியவர்களும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆடி என்றால் காற்று. இங்கே நடுக்கும் குளிர். இரவில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இறங்கும்போதுதான் ஜன்னலின் குறை கண்ணில் படுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில், ஈரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். அறைக்குள் இருக்கும் பக்கத்தில் நீர் கோத்திருந்தால் கண்ணாடிமேல் குற்றமில்லை, வீட்டுக்குள் ஈரப்பதம் அதிகம் என்று அர்த்தம். சோறு வடிப்பது, ரசம் கொதிப்பது, துணியை உள்ளேயே உலர்த்துவது எல்லாம் அதில் சேரும். குளிருக்குக் கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: கேஸ் எரியும்போதே நீராவி உண்டாகிறது. புகைபோக்கி இல்லாத ஹீட்டரை மூடிய அறையில் வைத்தால் அந்த நீராவி வெளியேற வழியில்லாமல் கண்ணாடியில் வந்து படியும். உடம்புக்கும் அது நல்லதில்லை. கொஞ்சம் காற்று வர வழி விட்டாலே போதும். வெளிப்பக்கத்தில் காலையில் பனி படிந்தால் மகிழ்ச்சியடையலாம். வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருப்பதால்தான் வெளிக் கண்ணாடி அவ்வளவு குளிர்ந்திருக்கிறது.

விரல் எட்டாத இடத்தில், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் படர்ந்திருந்தால் மட்டும்தான் அந்த ஜோடி கெட்டுவிட்டது என்று பொருள்.

ஏன் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வேலைக்காரரைக் கண்டுபிடிக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது. இரண்டு கண்ணாடியையும் தள்ளி நிறுத்துவது ஓரத்தில் சுற்றிவரும் ஸ்பேசர் பட்டை. பெரும்பாலும் அலுமினியம். அதன் உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்ன மணிகள் நிரப்பியிருக்கும். பட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையே பியூட்டைல் பசை, அதற்கு வெளியே இன்னொரு அடைப்பு. இந்த இரண்டு அடைப்பும் எத்தனை நல்லதாக இருந்தாலும் துளித்துளியாக ஈரம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். மணிகள் உறிஞ்சிக்கொள்ளும் வரை நமக்குத் தெரியாது. அவை நிறைந்த பிறகு வரும் ஈரம் கண்ணாடியில் படரும். பழைய ஜன்னல் ஒன்றில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் பட்டையைக் கழற்றினால் கதை கண்முன்னால் தெரியும்: ஃபிரேமின் அடியில் கறுத்த அழுக்குத் தண்ணீர், அதில் கண்ணாடியின் கீழ்விளிம்பு ஊறிக்கொண்டு, தொட்டால் பசை கூழாக விரலில் ஒட்டும். ஃபிரேமின் அடியில் தண்ணீர் வெளியேற வடிகால் துளைகள் உண்டு. அவை அடைபட்டால் இந்தக் கதிதான். தூசியாலும் அடைபடும். ஆனால் பொருத்த வந்தவரே சிலிகானை இழுத்து அந்தத் துளைகளை மூடிவிட்டுப் போன வீடுகளையும் பார்க்கிறோம். மனது கேட்பதில்லை. நல்ல விலை கொடுத்து வாங்கிய கண்ணாடி அது.

சரி, மாற்றுவது எதை? ஃபிரேம் நேராக இருக்கிறது, கதவு சரியாக மூடுகிறது, துரு இல்லை, ரப்பர் மிருதுவாக இருக்கிறது என்றால் கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றினால் போதும். செலவு கணிசமாகக் குறையும். சுவரை உடைக்க வேண்டாம், பூச்சு வேலை வேண்டாம், திருடர் தடுப்புக் கம்பியைக் கழற்ற வேண்டியதும் பெரும்பாலும் இராது. ஒரு சின்னச் சோதனை: செய்தித்தாள் துண்டு ஒன்றை ஜன்னல் கதவுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் வைத்து ஜன்னலை மூடித் தாழிடுங்கள். துண்டை இழுக்கும்போது சிரமமில்லாமல் வந்தால் அங்கே காற்று நுழைகிறது. அப்படி வந்தாலும் உடனே ஃபிரேமை மாற்ற வேண்டும் என்றில்லை. கீலையும் ரப்பரையும் மாற்றிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். ஃபிரேம் முறுக்கியிருந்தாலோ, மூலை இணைப்பு விட்டிருந்தாலோ, துரு ஏறிய இரும்பு ஃபிரேமாக இருந்தாலோ முழு ஜன்னலும் மாற வேண்டியதுதான். அதைத் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. கண்ணாடியில் துளை போட்டு உள்ளே உலர்த்தித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். மூட்டம் அகலும், ஆனால் அடைப்பு பழையதுதான், மணிகளும் பழையவைதான், சூடு கடப்பதைக் குறைக்க நடுவில் ஆர்கான் வாயு நிரப்பியிருந்தால் அதுவும் போய்விட்டிருக்கும். நாங்கள் அதைச் செய்வதில்லை.

இந்த ஊருக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. டர்பனில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் என்3 சாலையில் மேலே ஏறி இங்கே வந்து சேரும்போது பலூன் போல் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரட்டைக் கண்ணாடிக்கும் அதுவே நடக்கிறது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் டர்பனைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடற்கரையில் மூடி அடைத்த ஜோடியை இங்கே கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் காற்று கண்ணாடிகளை வெளியே தள்ளும். ஓர அடைப்பு எப்போதும் இழுபட்டே இருக்கும், ஆயுள் குறையும். பெரிய கண்ணாடி வளைந்து கொடுத்துவிடும். கழிவறை ஜன்னல் மாதிரிச் சின்ன, ஒடுங்கிய கண்ணாடிக்கு வளையத் தெரியாது, விரிசல் விடும். இங்கே அடைத்ததை டர்பனுக்கோ சாட்ஸ்வொர்த்துக்கோ எடுத்துப்போனால் எதிர்மாறு: நடுவில் குழிந்து, பெரிய கண்ணாடிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளவும் கூடும். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த ஜோடியை எந்த ஊரில் அடைத்தீர்கள்?" வேறு உயரத்தில் அடைத்தது என்றால் அழுத்தத்தைச் சமன்படுத்த என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். மெல்லிய குழாய் வைத்து, ஊர் வந்து சேர்ந்ததும் அதை மூடும் முறை இருக்கிறது. கேள்வியே புரியாதவர் போல் விழிப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கடலோரத்தில் இருக்கும் உறவினர்களுக்கு இந்த மடலை அனுப்புவதானால் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். உப்புக்காற்றில் சாதாரணத் திருகுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகும் கீலும் கேட்டு வாங்க வேண்டும். அலுமினிய ஃபிரேமின் பூச்சும் கடலோரத்துக்கு ஏற்றதா என்று எழுதி வாங்க வேண்டும்.

எந்தக் கண்ணாடி என்பதற்கு வருவோம். ஒற்றைக் கண்ணாடி வழியே வெப்பம் கடத்தும் அளவு (யூ-மதிப்பு என்பார்கள், குறையக் குறைய நல்லது) ஏறத்தாழ 5.7. சாதாரண இரட்டைக் கண்ணாடியில் அது 2.8 அளவுக்கு இறங்கும். லோ-ஈ பூச்சும் (சூட்டை அறைக்கே திருப்பிவிடும் மெல்லிய பூச்சு) ஆர்கானும் சேர்ந்தால் 1.2 பக்கம் வரும். ஃபிரேம் சாதாரண அலுமினியமாக இருந்தால் அதன் வழியே சூடு ஓடிவிடும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். நடுவில் இடைவெளி 16 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பெரிய பலன் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வரும். வடக்கு ஜன்னலில் கறுத்த கண்ணாடி போட்டால் ஜூலை மாதத்தில் இலவசமாக வரும் சூட்டைத் தடுத்துவிடுவீர்கள். வெயிலைத் தடுக்கும் கண்ணாடி மேற்கு ஜன்னலுக்குத்தான் வேண்டும்.

லோ-ஈ பூச்சுக்குப் பணம் கட்டினீர்கள், வந்ததில் பூச்சு இருக்கிறதா? இரவில் ஒரு அகல் விளக்கைக் கண்ணாடி அருகில் பிடித்துப் பாருங்கள். நான்கு சுடர்கள் தெரியும், ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பூச்சு உள்ள பக்கத்தின் சுடர் மட்டும் வேறு நிறமாக இருக்கும். நான்கும் ஒரே நிறம் என்றால் பணம் கட்டிய கண்ணாடி வரவில்லை. வேலை முடிந்த அன்றே, கணக்கு முடிக்கும் முன் இதைப் பாருங்கள்.

இப்போது ஆள் பார்ப்பது. போனிலேயே விலை சொல்பவர் வேண்டாம். வீட்டுக்கு வருபவர் அளவெடுக்கும் விதத்தைப் பாருங்கள். அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்திலும், உயரத்தையும் அப்படியே மூன்று இடத்திலும், அப்புறம் குறுக்காக மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். ஒரே தடவை டேப்பை நீட்டிவிட்டுக் கிளம்புபவர், பின்னால் இடைவெளியைச் சிலிகானால் நிரப்பப் போகிறவர். வடிகால் துளையைக் குனிந்து பார்த்தாரா? கண்ணாடியை நேரே ஃபிரேமில் வைக்காமல் பிளாஸ்டிக் பேக்கர் துண்டுகள்மேல் நிறுத்துவேன் என்று சொன்னாரா? எந்தச் சிலிகான் என்று கேளுங்கள். திறந்தவுடன் வினிகர் வாடை அடிக்கும் வகை இரட்டைக் கண்ணாடியின் ஓரப் பசையை அரித்துவிடும். நியூட்ரல் வகைதான் வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர் இளைஞராக இருந்தாலும் பரவாயில்லை, நம்பலாம் என்பது எங்கள் எண்ணம்.

கொட்டேஷன் எழுத்தில் இருக்கட்டும். கண்ணாடியின் தடிமன், இடைவெளி, பூச்சு, வாயு, ஃபிரேம் வகை எல்லாம் அதில் வர வேண்டும். திருடர் தடுப்புக் கம்பியைக் கழற்றித் திரும்ப மாட்டுவது யார், உடைந்த பூச்சைச் சரிசெய்வது யார் என்பதும் வர வேண்டும். கடைசியில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். கதவுக் கண்ணாடிக்கும் தரையை ஒட்டிய ஜன்னலுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அதன் மூலையில் அழியாத முத்திரை இருக்கும், தேடிப் பாருங்கள். புது அறை கட்டிச் சேர்ப்பதானால் கட்டடங்களுக்கான தேசியத் தரமான சான்ஸ் 10400 விதியின் எக்ஸ்ஏ பகுதியும் (ஆற்றல் சிக்கனம் பற்றியது) பொருந்தும். 2011-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்டது அது. காம்ப்ளெக்ஸில் இருப்பவர்கள் பாடி கார்ப்பரேட்டின் (வீட்டு உரிமையாளர்கள் அமைப்பின்) அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே ஆர்டர் கொடுங்கள். வெளித்தோற்றமும் நிறமும் மாறினால் விடமாட்டார்கள். 60 வருடத்துக்கு மேற்பட்ட வீடு என்றால் 1999-ஆம் ஆண்டின் பாரம்பரியச் சொத்துச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

உங்களுக்கு உரிமைகளும் உண்டு. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய பொருளுக்கு 6 மாத உத்தரவாதம் தருகிறது. அதற்குள் குறை வந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் திரும்ப வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யலாம். கூப்பிடாமல் வாசலுக்கு வந்து விற்றவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டால், 5 வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். இரட்டைக் கண்ணாடிக்கு 6 மாதம் மிகவும் குறைவு. ஓர அடைப்புக்குத் தனியாக, வருடக் கணக்கில் வாரண்டி எழுதி வாங்குங்கள், அது பொருளுக்கு மட்டுமா, பொருத்தும் கூலிக்கும் சேர்த்தா என்பதோடு. முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்பவருக்கு, யாராயிருந்தாலும், கொடுக்க வேண்டாம். எங்களுக்கும் அப்படித்தான். கடைசித் தவணையை நீங்கள் ஜன்னலைத் திறந்து மூடி, விளக்குப் பிடித்துப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.

வேலைக்கு நல்ல காலம் இப்போதிலிருந்து செப்டம்பர் வரை. மழை இல்லை, சுவர் உலர்ந்திருக்கும். அக்டோபரில் இடியும் ஆலங்கட்டியும் தொடங்கிவிட்டால் திறந்த சுவரோடு வீட்டை விட்டுவைக்க எங்களுக்கும் பயம். கேட்டு எழுதும்போது மூன்று படங்கள் அனுப்புங்கள்: முழு ஜன்னல், கீழ்மூலை நெருக்கத்தில், ஸ்பேசர் பட்டையில் ஏதாவது எழுத்து அச்சடித்திருந்தால் அது. தயாரித்தவர் பெயரோ வருடமோ பல நேரம் அங்கே இருக்கும். கண்ணாடி மட்டும் போதுமா என்பதைப் படத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவோம், சந்தேகம் இருந்தால் வந்து பார்க்கிறோம். பார்க்க வருவதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் கண்ணாடிக் கடையினர்,
லெனேசியா