பாத்தியைப் பள்ளமாக வையுங்கள்

நகரங்களின் மழைநீர் வடிகால்களைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த வடிகாலுக்கு டெண்டர் விடும் முன், நல்ல மழையில் ஒரு சாலையோரச் செடிப் பாத்தியைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அது சாலையைவிட உயரமாக, சுற்றிலும் கல் கட்டிப் பெட்டி மாதிரி நிற்கும். சாலையில் ஓடும் தண்ணீர் அதற்குள் ஒரு சொட்டுகூடப் போகாது. போதாததற்குப் பாத்தி மண் கரைந்து வடிகாலை அடைக்கும். அப்புறம் தூர்வார இன்னொரு டெண்டர்.

அதே பாத்தியைச் சாலைக்குக் கீழே தாழ்த்தி, தண்ணீர் உள்ளே வர ஓரக்கல்லில் ஆங்காங்கே வாய் வெட்டிவிடுங்கள். 100 சதுர மீட்டர் தளத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர் சேரும். 10 சதுர மீட்டர் பரப்பில் 25 சென்டிமீட்டர் பள்ளம் இருந்தால் அத்தனையும் அதில் நிற்கும். முதல் மழை அடித்து வரும் எண்ணெயும் டயர் தூசியும் பெருமளவு மண்ணிலேயே தங்கிவிடும்.

கொசு வருமே என்பீர்கள். முட்டை கொசுவாகப் பொதுவாக ஒரு வாரம் ஆகும். ஒழுங்காக அமைத்த பாத்தி ஓரிரு நாளில் வடிந்துவிடும். களிமண் பூமியா? அடியில் சரளை பரப்பி, துளையிட்ட குழாயை வடிகாலில் சேர்த்துவிடலாம்.

குழாய்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2011 ஜூலை 2 அன்று டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கொட்டிய மாதிரி மேகம் உடைத்துக்கொண்டால் எந்தப் பாத்தியும் தாங்காது. ஆனால் ஆண்டு முழுக்கப் பெய்வதில் பெரும்பகுதி சிறுமழைதான். அதை மண்ணுக்கு விட்டால் பெருமழைக்குக் குழாயில் இடம் இருக்கும். அதே 2011-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் இதை நம்பித்தான் 25 ஆண்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

நான் பயப்படுவது பராமரிப்பைப் பற்றித்தான். செடி பூங்காத் துறைக்கு, தண்ணீர் வடிகால் துறைக்கு. சரி, ஓரக்கல் வாய்களில் சேரும் வண்டலை அள்ளுவது யார்? இதற்குப் பதில் எழுதாமல் திறப்புவிழா நடத்தினால் அந்தப் பள்ளம் சீக்கிரமே குப்பைத்தொட்டியாகிவிடும். திட்டச் செலவோடு பராமரிப்புப் பணத்தையும், பொறுப்பான துறையின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

முதலில் ஒரே ஒரு தெருவை எடுங்கள், அடிக்கடி தண்ணீர் நிற்கும் தெருவாக. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுச் சாலையை உயர்த்தாதீர்கள். தண்ணீர் வீடுகளுக்குள் போய்விடும். வேலை முடிந்த பிறகு வரும் முதல் மழைக்கு, குடையோடு அங்கே வந்து நில்லுங்கள்.

இப்படிக்கு,
மழையில் நடந்து போகும் ஒருவர்