செயலாளரின் ஆண்டறிக்கை: குதித்தது கொஞ்சம், வாதாடியது நிறைய

நம் தமிழ் ஸ்கைடைவிங் வட்டத்து உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கணக்கைத் தணிக்கை செய்தாகிவிட்டது, பொருளாளர் தனியாகப் படிப்பார். கையிருப்பு இருக்கிறது, கடன் இல்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே போடவில்லை, அவரவருக்குத் தெரியும். புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள், ஒரு குடும்பம் பெர்த்துக்குக் குடிபோய்விட்டது (ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்துகொண்டு பெர்த்தில் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாதவர் யார்?). மெல்ரோஸ் முருகன் கோயில் காவடிக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டோம், பாத்திரம் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் வட்டம் தென்னாப்பிரிக்கப் பாராசூட் சங்கத்தின் கிளை இல்லை. உரிமம், விபத்து அறிக்கை எல்லாம் அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் நடக்கும். நாம் சும்மா தமிழ் பேசிக்கொண்டு ஸ்கைடைவிங் போகிற கூட்டம்: கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள், கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்து நேட்டாலில் வேர்விட்ட குடும்பத்துப் பிள்ளைகள், யாழ்ப்பாணத்து டாக்டர் அண்ணை ஒருவர். இந்த மூன்று தரப்பையும் ஒரே பாயில் உட்காரவைத்து, காற்று ஓயட்டும் என்று காத்திருக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஆண்டின் கதை.

ஜோஹன்னஸ்பர்க் இருக்கிற மேட்டுநிலமான ஹைவெல்டில் கோடையில் குதிப்பவனுக்குக் காலை நேரம்தான் சொந்தம், மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி இறங்கிவிடும். ஆகஸ்டில் வானம் சுத்தமாக இருக்கும், காற்றுதான் விடாது. ஆக, நாம் ஏறிக் குதிக்கிற செஸ்னா 182 விமானம் தரையில் நிற்கிற நேரம், பறக்கிற நேரத்தைவிட அதிகம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் கேனப்பி (பாராசூட்டின் துணிக் குடை) மடிப்போம், வீடியோ பார்ப்போம், யாராவது முந்தைய குதிப்பில் காலை எப்படி வைத்தார்கள் என்று கிண்டல் செய்வோம். இந்த ஆண்டு ஃபிளாஸ்க் திறந்ததுமே அரசியல்.

ஆரம்பித்துவைத்தது ஒரு கொள்ளை. நம் உறுப்பினர் ஒருவர் குதித்துவிட்டு வீடு திரும்பும்போது, ராபட் சிக்னலில் துப்பாக்கியைக் காட்டிக் காரைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பின் சீட்டில் அவருடைய ரிக் (முதுகில் மாட்டும் பாராசூட் பை) முழுசாக இருந்தது: மெயின் பாராசூட், அது கைவிட்டால் உதவுகிற ரிசர்வ், ரிசர்வைத் தானாகத் திறக்கும் சைப்ரெஸ் கருவி எல்லாம். திருடியவனுக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது, ஏதோ கனமான முதுகுப்பை என்று எங்காவது வீசியிருப்பான். அடுத்த சனிக்கிழமை அவர் வாடகை ரிக்கோடு வந்து உட்கார்ந்து, "இந்த நாட்டில் தூக்கைத் திரும்பக் கொண்டுவரணும்" என்றார். அதிலிருந்து மூன்று மாதம் அதே பேச்சு.

நேட்டால் தரப்பைச் சேர்ந்த டர்பன் அண்ணன் விடவில்லை. அவருடைய தமிழ் தேவாரத்தில் கற்றது, கோபம் வந்தால் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும், இருந்தாலும் விஷயத்தை விரல்விட்டுச் சொன்னார்: 1995 ஜூன் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் மக்வன்யானே வழக்கில் மரண தண்டனையை ரத்து செய்தது, 11 நீதிபதிகளும் ஒரே முடிவு, கேள்வி மக்களுக்குப் பிடிக்குமா என்பது இல்லை, சாசனம் அனுமதிக்கிறதா என்பதுதான் என்று அந்த நீதிமன்றத்தின் தலைவர் சாஸ்கல்சன் தெளிவாக எழுதினார். அதற்கு முன்னால் பிரிட்டோரியா சிறையில் யார் யாரைத் தொங்கவிட்டார்கள், அதில் கறுப்பர்கள் எத்தனை பேர், யோசித்துப் பாருங்கள் என்றார். ரிக் இழந்தவர், "உங்கள் கார் போகவில்லையே அண்ணா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரிக்குப் பதில் சொல்வது கஷ்டம்தான்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. தூக்கு வேண்டும் என்று பேசியவர்களில் இருவர், பேரறிவாளன் விடுதலைக்காக ஊரில் கையெழுத்து வாங்கியவர்கள். 2014-இல் தண்டனை குறைந்தபோதும், 31 ஆண்டு சிறைக்குப் பிறகு 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோதும் நம் வாட்ஸ்அப் குழுவில் லட்டுப் படம் போட்டவர்கள். தவறில்லை, நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த அம்மா பிள்ளைக்காக அலைந்ததைக் கண் கலங்கப் பேசுகிறவர், ஜோஹன்னஸ்பர்க்கின் ஏழைக் குடியிருப்பான அலெக்ஸாண்ட்ராவில் இருக்கிற இன்னொரு அம்மாவின் பிள்ளையை விசாரணையே இல்லாமல் தொங்கவிடச் சொன்னால் எப்படி? கேட்டேன். "அது வேற, இது வேற" என்று பதில் வந்தது. என்ன வேறு என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் பேச்சு நம் விளையாட்டுக்கே வந்தது, அங்கேதான் வாதம் நன்றாக இருந்தது. இங்கிலாந்தில் நெதரவானில் 2015 ஈஸ்டர் நாளில் நடந்ததை அநேகமாக எல்லோரும் படித்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்து பிரிட்டிஷ் ராணுவத்தில் சார்ஜென்ட்டாக இருந்தவன், தன் மனைவியின் மெயினைச் சிக்கலாக்கி, ரிசர்விலிருந்து இரண்டு ஸ்லிங்கைக் கழற்றிவிட்டான். 4000 அடியிலிருந்து விழுந்த அந்தப் பெண், உழுத மண்ணில் விழுந்ததால் பிழைத்தார். ஸ்லிங்க் என்றால் புதியவர்களுக்கு: கேனப்பியின் கயிறுகளைத் தோள் பட்டையோடு பிணைக்கும் சின்ன நூல் வளையம், உலோகம் கிடையாது. ஒரு மதியம் ரிசர்வை மறுபடி மடிக்கும்போது நம் ரிக்கர் (பாராசூட்டைச் சோதித்து மடிக்கும் தொழில்நுட்பர்) அதைக் கையில் வைத்துக் காட்டினார். சுண்டுவிரலில் மோதிரம் மாதிரி கிடந்தது, கிராம் கணக்கில்கூட எடை சொல்ல முடியாது. அது தானாகக் கழன்று விழுவது நடக்காத காரியம், அவிழ்க்கத் தெரிந்த கைதான் அவிழ்க்க வேண்டும். வழக்கில் வலுவான சாட்சியமே அதுதான்.

இதில் சுவாரசியம், முதல் விசாரணையில் 2017-இல் ஜூரியால் தீர்ப்புக்கு வரவே முடியவில்லை. மறுவிசாரணையில்தான் 2018-இல் குற்றவாளி என்றார்கள், ஆயுள் தண்டனை, குறைந்தது 18 ஆண்டு. பெல்ஜியத்தில் 2006-இல் ஒரு பெண்ணின் இரண்டு பாராசூட்டும் திறக்காமல் போனதற்கு, அவரோடு குதிக்கும் தோழிக்கு 2010-இல் 30 ஆண்டு கொடுத்தார்கள், அதுவும் ஜூரிதான், ஆனால் நேரடிச் சாட்சி இல்லை, சூழ்நிலைச் சாட்சியம் மட்டும். நம் நாட்டில் 1969-இலேயே ஜூரி ஒழிந்தது, நீதிபதியும் அவருக்குத் துணையாக அசெசர்களும்தான். ஆஸ்கார் பிஸ்டோரியஸ் வழக்கில் மசிபா அம்மையார் கொடுத்த தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் கொலை என்று மாற்றியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். பன்னிரண்டு பொதுஜனம் மேலா, சட்டம் படித்த ஒருவர் மேலா? டிராப் சோனில் (நாம் குதித்து இறங்கும் மைதானத்தில்) முக்கால்வாசிப் பேர் ஜூரிக்கு எதிர்ப்பு. காரணத்தை ஒருவர் அழகாகச் சொன்னார்: பாராசூட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத பன்னிரண்டு பேருக்கு ஸ்லிங்கைப் புரியவைக்கிற வக்கீல்தான் ஜெயிப்பார், உண்மை ஜெயிக்காது.

சரி, ராணுவம். 2025 ஜனவரியில் காங்கோவின் கோமா நகரில் எம்23 கிளர்ச்சிப் படையோடு நடந்த சண்டையில் 14 தென்னாப்பிரிக்க வீரர்கள் இறந்தபோது பேச்சு சூடாகிவிட்டது. "நமக்கு எதற்கு காங்கோ?" என்று ஒரு பக்கம். "1994-இல் ருவாண்டாவில் எட்டு லட்சம் பேர் சாகும்போது உலகம் பார்த்துக்கொண்டிருந்தது, அதையே செய்யணுமா?" என்று மறுபக்கம். டர்பன் அண்ணனுக்கு இதில் தனிப் பெருமை. கிளேர்வுட்டில் பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவி பிள்ளை அம்மையார்தான் ருவாண்டா தீர்ப்பாயத்தில் உட்கார்ந்து, பாலியல் வன்முறையும் இனப்படுகொலையில் சேரும் என்று சொன்ன 1998 தீர்ப்பில் பங்கெடுத்தவர். ஆனால் தீர்ப்பாயம் சண்டை முடிந்த பிறகுதானே வந்தது என்று இளையவர் ஒருவர் கேட்க, அண்ணன் டீயைக் குடித்துவிட்டுக் கேனப்பி மடிக்கப் போய்விட்டார்.

டிராப் சோனில் கேனப்பி மடித்துத் தருகிற அந்த வெள்ளைக்காரப் பெரியவரை உங்களுக்குத் தெரியும். கட்டாய ராணுவ சேவையில் புளூம்ஃபொன்டைன் டெம்பே முகாமில் 1 பாராசூட் பட்டாலியனில் இருந்தவர். 2013 மார்ச்சில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில் 13 வீரர்கள் இறந்ததாக அறிவித்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் அதே பட்டாலியன் பிள்ளைகள். "யாரைக் காப்பாற்ற அனுப்பினார்கள் என்று அவர்களுக்கே சொல்லவில்லை" என்றார். யாரோ 1978 மே 4-ஐ எடுத்தார்கள், அங்கோலாவில் கசிங்கா மேல் பாராசூட் படை இறங்கிய நாள். 600 பேருக்கு மேல் செத்தார்கள், ராணுவ முகாம் என்றது பிரிட்டோரியா, அகதி முகாம் என்றது நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாப்போ. பெரியவர் அதில் இல்லை, அவர் சேர்ந்தது பிறகு. பாதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன் என்று மட்டும் சொன்னார், நியாயமா அநியாயமா என்று வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்து அண்ணை அதுவரை பேசாமல் இருந்தவர், அப்போதுதான் சொன்னார்: "தம்பி, நான் வாழ்க்கையிலை முதல் பார்த்த பாராசூட்டிலை சாமான் வந்தது. 87 ஜூன் நாலு. இந்தியா பிளேனிலை கொண்டுவந்து போட்டது, நாங்கள் சின்னப் பெடியள், கீழே ஓடி ஓடிப் பார்த்தனாங்கள். ஒக்டோபரிலை கம்பஸ் வளவுக்குள்ளை ஹெலியிலை வந்தது ஆமி." அவ்வளவுதான். அந்த இரவு பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கிய சீக்கியப் படைப்பிரிவில் ஒரே ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார் என்பது பதிவான விஷயம், அதன் பிறகு யாழ்ப்பாணத்துச் சனங்கள் பட்டதும் பதிவானதுதான். உதவிக்கு வருகிறவனிடம் எப்போது போவாய் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அண்ணையின் கட்சி. எனக்கும் ஏறக்குறைய அதே கருத்துதான், காங்கோவைப் பற்றி அந்தக் கேள்வியை நம் அரசு தாமதமாகத்தான் கேட்டது. 2025 மார்ச்சில் அந்தப் படையைத் திரும்ப அழைக்க முடிவானதைப் படித்திருப்பீர்கள்.

இதெல்லாம் பேசுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆட்சேபம் இரண்டு சம்பவங்களில்.

முதலாவது, நம் உறுப்பினர் ஒருவர், பயிற்சியாளர் சொன்னதைவிடச் சின்ன கேனப்பியில், தரைக்கு மிக அருகே திருப்பம் போட்டுக் கணுக்காலை முறித்துக்கொண்டார். ஹைவெல்டில் காற்று மெலிசு, கடற்கரையில் மெதுவாக இறக்குகிற அதே கேனப்பி இங்கே வேகமாகத் தரைக்கு வரும், இது எல்லோருக்கும் சொல்லித்தருகிற பாடம். இன்றைக்கு நம் விளையாட்டில் பல சாவு பாராசூட் திறக்காமல் வருவதில்லை, நன்றாகத் திறந்த கேனப்பியின் கீழேதான் வருகிறது. சைப்ரெஸ் 750 அடியில் உங்களுக்காக ரிசர்வைத் திறக்கும், ஆனால் திறந்த கேனப்பியை நீங்களே தரையில் மோதினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் குணமானதும் சின்ன கேனப்பியில் குதிக்க எவ்வளவு காலம் தடை போடுவது என்று செயற்குழுவில் வாக்கெடுத்தோம். கையைத் தூக்கியவர்களைப் பார்த்தால், கோமா விவாதத்தில் அவர் பக்கம் பேசியவர்கள் எல்லாம் தடை வேண்டாம், எதிர்ப்பக்கம் எல்லாம் தடை வேண்டும். வீடியோவைப் பார்த்துவிட்டுக் கை தூக்கியவர் எத்தனை பேர் என்று நான் கேட்டபோது கூட்டத்தில் சத்தமே இல்லை. கார் திருடனுக்குத் தூக்கு கேட்டவர், "பாவம், ஒரு தடவை தப்பு பண்ணிட்டார், விட்டுடுங்க" என்று இவருக்காக வாதாடினதும் அதே கூட்டத்தில்தான்.

இரண்டாவது இன்னும் மோசம். ரிக் மாட்டிக்கொண்டே இருவர் சிறைத் தண்டனையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு விமானத்துக்கு நடந்தார்கள், ஒருவருக்கொருவர் பின் செக் (முதுகில் பாராசூட்டை மூடிவைக்கும் ஊசியைச் சரிபார்ப்பது) செய்யவில்லை. ஏறும் இடத்தில் அந்தப் பெரியவர் ஒருவரின் நெஞ்சைத் தொட்டு நிறுத்தினார். மார்புப் பட்டை கொக்கியின் வழியாகப் போய், மடிந்து திரும்பி வராமல், சும்மா செருகிக் கிடந்தது. மேலே பார்த்தால் ஒழுங்காகத் தெரியும். கேனப்பி திறக்கும்போது அந்த இழுப்பில் பட்டை நழுவினால் ஆளே ரிக்கை விட்டுக் கழன்றுவிடுவார், உலகத்தில் பல டிராப் சோனில் அப்படிப் போயிருக்கிறார்கள். பெரியவர் பேசவில்லை, பட்டையை உருவி, திரும்பக் கோத்து, நுனியை ரப்பருக்குள் செருகிவிட்டு முதுகுப் பக்கம் போய் மடலைத் திறந்து பின்னையும் பார்த்தார்.

ஆகவே பொதுக்குழுவுக்கு இரண்டு தீர்மானம் கொண்டுவருகிறேன். ஒன்று, பாதுகாப்பு விஷயங்களைச் செயற்குழுவிலிருந்து எடுத்து, பயிற்சியாளரும் ரிக்கரும் இருக்கிற மூவர் குழுவிடம் கொடுப்பது, வீடியோவும் விபத்து அறிக்கையும் பார்த்தவர்கள்தான் அதில் கருத்துச் சொல்லலாம். இரண்டு, ரிக்கைத் தோளில் போட்ட நிமிடத்திலிருந்து தரை இறங்குகிறவரை அரசியல், வழக்கு, போர் எதுவும் கிடையாது. மீறுபவர் அந்த லோடில் (விமானச் சுற்றில்) ஏற முடியாது, டிக்கெட் பணம் திரும்பாது. கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று ஏற்கெனவே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும், பொதுக்குழுவில் நின்று பேசவும் செய்யலாம், அப்போது யாரும் ரிக் மாட்டியிருக்க மாட்டார்கள்.

செயலாளர் பதவிக்கு நான் மறுபடி நிற்கிறேன். வேறு யாராவது நின்றால் சந்தோஷமாகக் கணக்குப் புத்தகத்தை ஒப்படைப்பேன். வாக்கெடுப்பு பிராய் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, போன தடவை மாதிரி பாதிப் பேர் தட்டோடு நின்றுகொண்டு கை தூக்க வேண்டாம். கறி டர்பன் அண்ணன் பொறுப்பு, சைவத்துக்குத் தனி அடுப்பு. மழை வந்தால் ஹேங்கருக்குள் போய்விடலாம். ரிசர்வ் மறுமடிப்புத் தேதி நெருங்குகிறவர்கள் அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள், ரிக்கர் அன்றைக்கு முழு நாளும் இருப்பார்.