கடைசி அத்தியாயத்தில் வேலையை விட்டவள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் உங்கள் விமர்சகர் ஓர் ஆங்கில நாவலை அறிமுகம் செய்திருந்தார். லண்டனில் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனம், எதிரெதிர் மேசையில் ஒருத்தியும் ஒருவனும், முதல் பாதி முழுக்கச் சண்டை, பிற்பாதி முழுக்கக் காதல். ஒரே மூச்சில் வாசிக்கலாம் என்று எழுதியிருந்தார். உண்மைதான், மகளிடம் இரவல் வாங்கி இரண்டே நாளில் முடித்துவிட்டேன். முடித்து ஒரு கிழமையாகியும் அந்தப் புத்தகத்தோடு எனக்குள் நடக்கும் வாக்குவாதம்தான் முடியவில்லை.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் கூடக் கூட, மின்னஞ்சலில் மரியாதையும் கூடிக்கொண்டே போகிறது. இதை எழுதியவர் கட்டாயம் ஒரு கந்தோரில் குப்பை கொட்டியிருக்க வேண்டும். “மேலதிக விளக்கம் தேவைப்படின் தயங்காது தொடர்புகொள்ளவும்” என்று நாம் எழுதும்போது, “இனி இந்தப் பக்கம் தலைகாட்டாதே” என்றுதானே அர்த்தம்? 100ஆம் இலக்க பஸ்ஸில் அந்தப் பக்கங்களை வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து சீட் அம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

கந்தோர்க் காதல் கதை எனக்குப் புதிதல்ல. பள்ளிக் காலத்தில் மக்கலம் ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் (இன்றைய பெயர் டி. ஆர். விஜேவர்தன மாவத்தை) மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல்கள் வாங்கி, பிறவுண் பேப்பர் உறை போட்டு, விஞ்ஞானக் கொப்பிக்குள் வைத்து வாசித்த தலைமுறை நாங்கள். அந்தப் பதிப்பகம் 1908இல் தொடங்கியது. அதன் கதைகளில் எத்தனை டொக்டர், எத்தனை நேர்ஸ், எத்தனை முதலாளி, எத்தனை செக்ரட்டரி! அவற்றோடு பார்த்தால் இந்த நாவல் எவ்வளவோ மேல். இவளும் அவனும் படித்தது ஒன்று, பார்ப்பதும் ஒரே வேலை. அவள் யாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுக்கவில்லை.

ஆனால் சண்டை காதலாகத் திரும்பும் அந்த முனை எனக்குத் தட்டுப்படவேயில்லை. இங்கிலீசில் எதிரியும் ‘யூ’தான், காதலனும் ‘யூ’தான். 1998இல் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் சேர்ந்தேன். பக்கத்து மேசைக்காரருக்கு நான் எட்டு மாதம் ‘நீங்கள்’. பில் ஒஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குப் பத்திரத்தில் நான் விட்ட பிழையைக்கூட ‘நீங்கள்’ போட்டுத்தான் சுட்டிக்காட்டுவார், அதனாலேயே எரிச்சல் இரட்டிப்பாகும். ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, “ஏன், நீர் சாப்பிடேல்லையோ?” என்று கேட்டார். சொன்ன பிறகுதான் அந்த ‘நீர்’ அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். காது சிவந்து, லெட்ஜரை விரித்து வைத்துக்கொண்டு, கால் மணித்தியாலம் ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை. பெட்டியில் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் இருந்தன. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அந்தக் காலக் கோட்டை உங்களுக்கும் நினைவிருக்கும். 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டு, 1997 ஒக்டோபரில் உலக வர்த்தக மையக் குண்டு, அதற்குப் பிறகு எங்கு திரும்பினாலும் சோதனைச் சாவடி. மாலையில் என் அடையாள அட்டையைப் பார்த்து அனுப்பும்வரை அவர் பத்தடி தள்ளி, யாரோ போல நிற்பார். நாங்கள் டேட்டிங் போனது அவ்வளவுதான்.

நாவலில் இன்னொரு குறை, யாரும் வேலை செய்வதில்லை. நம் ஊரில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்கிறது. இவர்கள் முறைத்துக்கொள்ளும் நேரத்தைக் கழித்தால் நாலரை தேறுமா தெரியாது. பழுதான லிஃப்டுக்குள் முதல் முத்தம் வேறு. 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்தினார்களே, அப்போது நானும் லிஃப்டுக்குள் மாட்டியிருக்கிறேன். கூட இருந்தவர்கள் கணக்குப் பிரிவு அதிகாரியும், இருபது பட்டிஸோடு வந்த கன்டீன் பையனும். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. பட்டிஸ் வாசனையில் இன்றைக்கும் எனக்கு மூச்சு முட்டும்.

அதெல்லாம் சும்மா சிரித்துவிட்டுப் போகிற விடயம். சிரிக்க முடியாத இடம் நடுவில் வருகிறது. அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததும், அவளிடம் கேட்காமலே அவளைத் தன் குழுவுக்கு மாற்றிக்கொள்கிறான். கதை அதை அன்பு என்கிறது. அவள்தான் கதை சொல்கிறாள், அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று நமக்கு முன்பே தெரியும், அதனால் உறுத்தவில்லை. கந்தோரில் யார் மனதுக்குள் யார் புகுந்து பார்ப்பது? நம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது, வேலைத்தலத்தில் அதிகாரத்தில் உள்ளவர் சொல்லாலோ செயலாலோ செய்யும் விரும்பத்தகாத பாலியல் அணுகுமுறையும் குற்றம் என்று சேர்த்தார்கள். ஐந்து ஆண்டு வரை சிறை. கதிரையை மாற்றியதற்காக அவனை உள்ளே போடச் சொல்லவில்லை. ஆனால் ‘விரும்பத்தகாத’ என்ற சொல்லை நிரூபிக்க ஒரு பெண் எத்தனை பேர் முன்னால் வாய் திறக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்த அத்தியாயத்தை இரண்டாம் முறை வாசித்தபோது இனிப்புத் திகட்டியது.

சரி, கடைசி அத்தியாயம். காதலர்கள் ஒரே குழுவில் இருக்கக் கூடாது என்று நிறுவனத்தில் விதி. உடனே அவளுக்கு வேறு இடத்தில் இதைவிட நல்ல வேலை கிடைத்துவிடுகிறது. ஒன்றரைப் பக்கம்தான். அத்தனை சண்டையையும் ஆற அமர எழுதியவருக்கு இதற்கு மட்டும் இடம் போதவில்லை.

எங்களுக்கு 2001இல் எழுத்துமூலம் எந்த விதியும் இருக்கவில்லை. கல்யாணத் திகதி சொல்லப் போனபோது மனேஜர் வாழ்த்தினார், பிறகு “உங்களில் யார் இங்கே இருக்கப் போறது?” என்று அவரைப் பார்த்துக் கேட்டார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து யோசித்தோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். யோசிக்கவில்லை. அவருக்கு என்னைவிட ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடுதல் சம்பளம். வேலையில் நான்தான் கெட்டி என்று அந்தக் கந்தோருக்கே தெரியும். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று இராஜினாமா எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஆக மரியாதையான கடிதம் அது. ஆறு வருடம் கழித்துத் திரும்ப வேலைக்குப் போனேன், கொள்ளுப்பிட்டியில் ஒரு சின்னக் கந்தோருக்கு, என்னிலும் இளையவர்களுக்குக் கீழே.

உங்கள் விமர்சகர் இந்த முடிவை ‘இதமான முடிவு’ என்று எழுதியிருந்தார். அவர் ஆணா பெண்ணா என்று பெயரில் தெரியவில்லை.

புத்தகம் இப்போது என் கணவரிடம். மூன்று நாளாக ஹோலில் இருந்து சிரித்துச் சிரித்து வாசித்தார், மின்னஞ்சல் பகுதியை எனக்கே உரக்க வாசித்துக் காட்டினார். நேற்று இரவு சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன், புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “இஞ்சாரும், பிளேன்ரீ போடட்டோ?” என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
வெள்ளவத்தை, கொழும்பு 06