பசுப்பால் புரதம் ஒவ்வாத குழந்தைக்கு லக்டோஸ் இல்லாத பால்மாவைக் கொடுக்கச் சொன்னமை தொடர்பான புகார்

அனுப்புநர்: ஐந்து மாதக் குழந்தையின் தாய், கோண்டாவில், யாழ்ப்பாணம்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை முகாமையாளர், பால்மா இறக்குமதி நிறுவனம், கொழும்பு.

ஐயா / அம்மணி,

உங்கள் நிறுவனம் கொண்டுவரும் இரண்டு பால்மாக்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று, பசுப்பால் புரதம் ஒவ்வாத குழந்தைகளுக்காகப் புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்துச் செய்த விசேட மா. மற்றையது லக்டோஸ் இல்லாத மா. முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதைக் கொடுக்கலாம் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்னார். கொடுத்தோம். என் மகளின் மலத்தில் மறுபடியும் இரத்தம் வந்தது. புகாரின் சாரம் இவ்வளவுதான். மிகுதியையும் நீங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் தொலைபேசியில் எவரும் அதைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை.

பிறந்து சில வாரங்களிலேயே அவளுக்கு எதுக்களிப்புத் தொடங்கிவிட்டது. கைக்குழந்தைகள் கக்குவது வழமைதான். உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை இன்னும் முதிராததால் பால் மேலேறுகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும். ‘கக்கின பிள்ளை தக்கும்’ என்று மாமியும் ஆறுதல் சொன்னார். ஆனால் இவள் முதல் இரண்டு மிடற்றை ஆவலாகக் குடிப்பாள். பிறகு முதுகை வில்லாக வளைத்து, கைகளைப் பொத்திக்கொண்டு, முகம் சிவக்கக் கத்துவாள். கன்னமெல்லாம் கரப்பன். நிறை ஏறவில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வளர்ச்சிப் பதிவேட்டில் இட்ட புள்ளிகள் மேலே போகாமல் ஒரே மட்டத்தில் நின்றன. கடைசியில் மலத்தில் சளியோடு நூல் நூலாக இரத்தம்.

குழந்தை வைத்திய நிபுணர் பசுப்பால் புரத ஒவ்வாமை என்று கண்டறிந்தார். அந்தப் புரதம் என் பால் வழியாக அவளுக்குப் போகாதபடி பால்தேநீர், தயிர், நெய், பால் சேர்ந்த பிஸ்கட் எல்லாவற்றையும் நான் நிறுத்தினேன். என் பால் போதாத வேளைகளுக்கு உங்கள் விசேட மாவை அவர் எழுதித் தந்தார். சில வாரங்களில் இரத்தம் நின்றது, தோல் ஆறியது. குடித்த பின் அரை மணித்தியாலம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்தால் அமைதியாக உறங்கினாள். உங்கள் மாவில் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். குறை உங்கள் ஆட்களின் வாயில் இருக்கிறது.

முன்னறிவித்தல் எதுவுமின்றி அந்த மா யாழ்ப்பாணத்தில் கிடைக்காமல் போனது. ஆஸ்பத்திரி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் என் கணவர் கடை கடையாக ஏறி இறங்கினார். சுன்னாகத்திலும் இல்லை, சாவகச்சேரியிலும் இல்லை. அன்று சனிக்கிழமை பின்னேரம். வைத்தியரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். ஒரு மருந்தகத்தில் நின்ற உங்கள் பிரதிநிதி தானாகவே முன்வந்து, “இரண்டும் பால் ஒத்துவராத பிள்ளைகளுக்குத்தான் அண்ணா, பயப்படாமல் கொடுங்கள்” என்று லக்டோஸ் இல்லாத டின்னை எடுத்துக் கொடுத்தார். கக்கல் கூடினால் தடிப்பான மா ஒன்றும் இருக்கிறது என்றார்.

லக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை. என் பிள்ளைக்கு ஒவ்வாதது புரதம். சர்க்கரையை மட்டும் நீக்கிய அந்த டின்னில் பசுப்பால் புரதம் அப்படியே இருக்கிறது. வயிற்றோட்டத்துக்குப் பிறகு சில காலம் லக்டோஸ் செரிக்காத பிள்ளைக்கு அது உதவலாம். இவளுக்கு அதுவும் சாதாரண பால்மாவும் ஒன்றுதான். தடிப்பான மாவும் அப்படியே. கெட்டியாக்கினால் பால் மேலேறுவது குறையலாம், அதற்காகப் புரதம் எங்கும் போய்விடாது. ஆட்டுப்பால் கொடுத்துப் பார் என்று அயலவர்கள் சொன்னதை நான் குறையாக எடுக்கவில்லை. அதன் புரதமும் பசுப்பால் புரதத்தை ஒத்தது என்று அவர்கள் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பால்மா விற்றுச் சம்பளம் வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

ஞாயிறு இரவு வாந்தி, திங்கள் காலை இரத்தம். பிள்ளையை வைத்தியசாலை விடுதியில் அனுமதித்தார்கள். அங்கிருந்து உங்கள் அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். சிங்களத்துக்கு ஒன்றை அழுத்தவும், ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும் என்றது. தமிழுக்கு அழுத்த ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விடயத்தைச் சொன்னேன். தலையணை வைத்துச் சரிவாகப் படுக்க வையுங்கள் என்று பதில் வந்தது. கைக்குழந்தையை மட்டமான படுக்கையில் மல்லாத்திக் கிடத்த வேண்டும், தலையணை மூச்சுக்கே ஆபத்து என்பது பிரசவ விடுதியில் சொல்லித்தரும் முதற்பாடம். அடுத்ததாக, ஏன் தாய்ப்பால் மட்டும் கொடுக்கவில்லை என்று கேட்டார். பால்மா நிறுவனத்தின் வாயிலிருந்து இந்தக் கேள்வி வருவதை நினைத்துச் சிரிக்க அன்று எனக்குத் தெம்பில்லை.

பின்னர் வந்த உங்கள் மின்னஞ்சல், உற்பத்திகள் தரமானவை, வைத்திய ஆலோசனை பெறவும் என்றது. தரத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வைத்திய ஆலோசனை எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு மேல் ஆலோசனை சொல்ல வந்தவர் உங்கள் ஆள். விற்பனை ஊழியர்கள் தாய்மாரை நேரடியாகவோ மறைமுகமாகவோ அணுகக் கூடாது என்று 1981இல் பால்மா விற்பனை பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச ஒழுக்கக் கோவை சொல்லிவிட்டது. இலங்கைக்கும் தனிக் கோவை உண்டு. என் கணவர் தாயல்லவே என்று நீங்கள் வாதாட மாட்டீர்கள் என நம்புகிறேன்.

டின்னின் விலையைத் திருப்பித் தருவதாக எழுதியிருந்தீர்கள். வாங்கிக்கொள்வேன். ஆனால் அதோடு இந்தக் கோப்பை மூட முடியாது. லக்டோஸ் இல்லாத மாவைப் பசுப்பால் புரத ஒவ்வாமைக்குக் கொடுக்கக் கூடாது என்ற அறிவித்தலை மும்மொழியிலும் அச்சிட்டு வடக்கிலுள்ள உங்கள் மருந்தகங்கள் எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள். விசேட மா குறைந்துவருகிறது என்றால் வைத்தியர்களுக்கு முன்கூட்டியே அறிவியுங்கள், அவர்கள் மாற்று ஒழுங்கு செய்துகொள்வார்கள். உங்கள் தொலைபேசியில் தமிழ் பேசும் ஒருவரை அமர்த்துங்கள். அந்தப் பிரதிநிதியை வேலையை விட்டு நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. அவருக்கு எவரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மீதி மாவுள்ள டின்னும் பற்றுச்சீட்டும் என்னிடம் உள்ளன. வைத்தியசாலை அறிக்கையின் பிரதியை இணைத்திருக்கிறேன். இரண்டு வாரங்களுக்குள் தமிழில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இவை அனைத்தையும் அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்
(பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் இணைப்பில்)